அப்பல்லோ இன் ரியல் டைம்: ஒரே ஒரு நாற்காலியைப் பிடித்துக் கேளுங்கள்

அமெரிக்காவின் சந்திரப் பயணங்களை நடந்த அதே வேகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டும் இணையதளம் இது. முதலில் விலை: ஒன்றுமில்லை. பெயர் பதிய வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். உலாவியில் அப்பல்லோ இன் ரியல் டைம் டாட் ஆர்க் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அப்பல்லோ 11, 13, 17 என்று மூன்று பயணங்கள் வரும். ஒன்றைத் தொட்டால் உள்ளே போக இரண்டு வழி. ராக்கெட் கிளம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஆரம்பிக்கலாம். இல்லையென்றால், இத்தனை வருடத்துக்கு முன் இதே விநாடியில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதில் நேரே போய் இறங்கலாம். கனடாவைச் சேர்ந்த பென் ஃபைஸ்ட் 17-ஐ 2015-லும், 11-ஐ 2019-லும், 13-ஐ 2020-லும் வெளியிட்டார். பேச்சு, புகைப்படம், படச்சுருள், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கட்டி வைத்திருக்கிறார்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறோம். அந்த அரை ஏன் குறைந்தது என்பது போகப்போகத் தெரியும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்திலோ வாசகர் வட்டத்திலோ நாலைந்து பேரைக் கூட்டி உட்கார்ந்து கேட்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இது எழுதப்பட்டது. தனியாகக் கேட்பவர்களுக்கும் பெரும்பகுதி உதவும்.

இந்தத் தளத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: சந்திரனில் கால் வைக்கும் இடத்துக்குக் காலக்கோட்டை இழுத்து, பார்த்து, மூடிவிடுவது. அதற்கு இவ்வளவு பெரிய தளம் தேவையில்லை, அந்தக் காட்சி எங்கும் கிடைக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 11-ல் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் ஒலி மட்டும் சுமார் 11,000 மணி நேரம், 50 தடங்களில். 13-ல் 7,200 மணி நேரம். வீரர்களிடம் பேசாத, பொதுமக்கள் காதுக்கு வராத, தரைக்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்ட பேச்சு இது.

இது கிடைத்ததே பெரிய பாடு. அறையின் பேச்சு முழுவதும் 30 தடம் கொண்ட அகல நாடாக்களில் பதிவானது. அதைப் படிக்கக்கூடிய சவுண்ட்ஸ்கிரைபர் எந்திரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத்தான் படிக்கும்; அடுத்த தடத்துக்குக் கைப்பிடியைத் திருகிப் போக வேண்டும். அந்த வேகத்தில் அப்பல்லோ 11-ஐ முடிக்க 170 வருடம் ஆகியிருக்கும். டாலஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹான்சனின் குழு 30 தடத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் தலையைச் செய்யவைத்த பிறகுதான் வேலை மாதக்கணக்கில் முடிந்தது. 13-க்கு வேறொரு சிக்கல். விபத்து நேரத்தை ஒட்டிய நாலு நாடாக்கள் காணாமல் இருந்து, 2019 கடைசியில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. கேட்கும்போது இரைச்சல் வந்தால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

அறை எப்படி அமைந்திருந்தது என்று தெரியாமல் தடங்களைத் தொட்டால் குழப்பம்தான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவிக்கப் போன சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஒரே நீளக் கூடத்தில் பல விலாசக்காரர்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைக்காரர்கள், வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பெட்டியடி, ஆளுக்கொரு பேரேடு. பக்கத்து விலாசத்தின் பேச்சு காதில் விழும், ஆனால் கை தன் கணக்கில்தான். ஹூஸ்டன் கூடமும் அதே மாதிரி. முன்வரிசைக்கு ‘டிரெஞ்ச்’ என்று பெயர்: எஞ்சினைப் பார்க்கும் பூஸ்டர், திரும்பிவரும் வழியைப் பார்க்கும் ரெட்ரோ, பாதையைப் பார்க்கும் ஃபைடோ, கணினியைப் பார்க்கும் கைடோ. இரண்டாம் வரிசையில் டாக்டர், வீரர்களிடம் பேசும் கேப்காம், மின்சாரமும் பிராணவாயுவும் பார்க்கும் ஈகாம், திசைக் கருவிகளைப் பார்க்கும் ஜி.என்.சி., சந்திர ஓடத்தைப் பார்க்கும் இருவர். மூன்றாம் வரிசையில் ஃப்ளைட் டைரக்டர். கடைசி வரிசை பெரிய அதிகாரிகளுக்கும் செய்தித் தொடர்பாளருக்கும்.

கிட்டங்கியில் மேலாளுக்கு ஒரு அடுத்தாள் இருப்பதுபோல, கூடத்தில் தெரியும் ஒவ்வொருவருக்கும் பின்னறையில் இரண்டு மூன்று பேர். மேலாள் முடிவைச் சொல்வார், எண்ணைத் தேடிக் கொடுப்பது அடுத்தாள். தளத்தின் உண்மையான மதிப்பு இந்த அடுத்தாட்களின் குரலில் இருக்கிறது. சினிமாக்களில் இவர்கள் வருவதே அபூர்வம்.

இனி கேட்கும் முறை. சந்திரனில் இறங்கியதை விட்டுவிட்டு 13-லிருந்து ஆரம்பியுங்கள் என்பது எங்கள் சிபாரிசு. காரணம், ஒரு தரைக்காரரின் தொழில் என்ன என்பது அங்கே பச்சையாகத் தெரியும். தளத்தின் கடிகாரம் கிளம்பிய நேரத்திலிருந்து மணி, நிமிடம், விநாடி என்று ஓடும். காலக்கோட்டை 55:45:00-க்கு நகர்த்துங்கள். கட்டுப்பாட்டு அறை ஒலிப் பகுதியைத் திறந்து ஈகாம் தடத்தைப் பிடியுங்கள். நாற்காலியில் இருப்பவர் சை லீபர்காட். வேறு தடத்துக்கு ஒரு மணி நேரம் மாறவே கூடாது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதையும் கேளுங்கள், சகஜ நிலையின் சத்தம் எப்படி என்று தெரிந்தால்தான் பிறகு மாறுவது புரியும்.

55:53-ஐ ஒட்டி, தொட்டிகளைக் கலக்கிவிடும்படி கேப்காம் ஜாக் லூஸ்மா வீரர்களிடம் சொல்வார். கடும் குளிரில் அழுத்தி வைத்த பிராணவாயு எடையில்லாத நிலையில் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்; அளவுமானி சரியாகக் காட்டாது. உள்ளே இருக்கும் சின்ன விசிறியைப் போட்டுக் கலக்கினால்தான் கணக்கு சரியாகும். அதிலும் இரண்டாம் தொட்டியின் அளவுமானி ஏற்கெனவே 46-ஆம் மணியிலேயே கெட்டுவிட்டது. 55:54:53-ல் தொட்டி வெடித்தது. கலத்திலிருந்து தரைக்கு வரும் அளவுத் தகவல் 1.8 விநாடி அறுந்தது. அரை நிமிடம் கழித்து வீரர்களின் குரல் வருகிறது.

நம் ஊர்க் கடிகாரத்தில் அது 1970 ஏப்ரல் 14, காலை 8 மணி 37 நிமிடம். சித்திரை முதல் நாள்; பிறந்த வருடத்தின் பெயர் சாதாரண. பஞ்சாங்கக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்த பதினைந்து நிமிடம்தான் இந்தத் தளத்தின் உச்சம். ஒரே வெடிப்பு நாலு நாற்காலிகளில் நாலு வெவ்வேறு கோளாறாகத் தெரிகிறது. கைடோவுக்குக் கணினி மறுதொடக்கம் ஆனது தெரிகிறது. தகவல் தொடர்பைப் பார்க்கும் இன்கோவுக்கு ஆன்டெனா தன்னால் அகலக் கதிருக்கு மாறியது தெரிகிறது. ஜி.என்.சி.க்கு உந்துகருவிகளில் தகராறு. ஈகாமுக்கு மின்னழுத்தம் விழுகிறது, பிராணவாயுவைக் கொண்டு மின்சாரம் தரும் மூன்று எரிகலங்களில் இரண்டு படுத்துவிட்டன, ஒரு தொட்டியில் அழுத்தமே இல்லை. இத்தனையும் ஒரே நேரத்தில் கெட வாய்ப்பில்லை என்பதால், லீபர்காட் முதலில் அளவுக்கருவிக் கோளாறாக இருக்கலாம் என்கிறார். பின்னாளில் இதைப் பலர் தவறு என்று எழுதினார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஐந்து மாதம் முன்புதான், 1969 நவம்பர் 14 அன்று, அப்பல்லோ 12 கிளம்பிய 36-ஆம் விநாடியில் மின்னல் அடித்து, ஈகாம் திரையில் எல்லா எண்ணும் குப்பையாகிப் போனது. கலம் நன்றாகத்தான் இருந்தது. தகவலைச் சீர்செய்யும் பெட்டிக்கு மின்சாரம் போதாததுதான் காரணம். அந்த எண் குப்பையை ஒரு வருடம் முன் ஒரு சோதனையில் பார்த்திருந்த ஜான் ஆரன், அந்தப் பெட்டியை (எஸ்.சி.இ.) துணை நிலைக்கு (ஆக்ஸ்) மாற்றச் சொல்லிப் பயணத்தைக் காப்பாற்றினார். அந்தப் பாடம் ஆறுவதற்குள் இது. திரை பொய் சொல்கிறதா, கலம் சாகிறதா என்று கேட்பதுதான் அந்த நாற்காலியின் முதல் வேலை.

ஈகாம் தடத்தில் பின்னறைக்காரர்கள் ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே வருவார்கள். குரல் ஏறாது. அளவுக்கருவிக் கோளாறுதான் என்ற நம்பிக்கை மெல்ல மெல்ல விலகுவதைக் கேட்கலாம். 56:09-ல் ஏதோ வாயு வெளியேறுவதை ஜன்னல் வழியே பார்க்கிறேன் என்று பயணத் தலைவர் ஜிம் லவல் சொன்னதும் சாட்சி இரண்டாகிவிட்டது, விவாதம் முடிந்தது. இதற்கு நடுவில் ஃப்ளைட் டைரக்டர் ஜீன் கிரான்ஸ், ஊகத்தில் கைவைத்து நிலைமையை மோசமாக்கிவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லும் இடமும் வருகிறது. இரண்டாம் தரம் கேட்கும்போது ஃப்ளைட் தடத்தை எடுத்துக்கொண்டால், நாலு நாற்காலிகளின் துண்டுச் செய்திகள் அவர் காதில் எந்த வரிசையில் விழுந்தன என்று பார்க்கலாம்.

வெடித்ததற்கான மூலகாரணம் தடத்தில் கிடைக்காது, அது பிறகு விசாரணையில் தெரிந்தது. தெரிந்துகொண்டு கேட்டால் பேச்சு இன்னும் கனக்கும். தொட்டியின் சூடேற்றியில் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டு சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கு உண்டானவை. ஏவுதளத்தில் தரைவழிக் கொடுத்த மின்சாரம் 65 வோல்ட். மார்ச் மாதச் சோதனையில் தொட்டியைக் காலி செய்ய முடியாமல் சூடேற்றியை எட்டு மணி நேரம் போட்டுவைத்தார்கள். சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொண்டு அணையவே இல்லை. உள்ளே 500 டிகிரி செல்சியசுக்கு மேல் போனது. தரையிலிருந்த வெப்பமானியின் முள் 27 டிகிரியோடு நின்றுவிடும்படி செய்யப்பட்டிருந்தது. பார்த்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. கம்பியின் டெஃப்ளான் உறை கருகிப்போய், விசிறியைப் போட்டதும் பொறி. சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் எரிகலம் என்றால் என்னவென்று விளக்க ஆள் பஞ்சமில்லை. ஆனால் எரிகலத்தைக் கொன்றது ஒரு சுவிட்சும் ஒரு முள்ளும் என்பதைப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லுங்கள்.

11-க்கு வந்தால், எல்லோரும் தேடுவது 102:38:26. அதாவது நமக்கு ஜூலை 21 நள்ளிரவு தாண்டி 1 மணி 40 நிமிடம். கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டுகிறது. எடுக்க வேண்டிய தடம் கைடோவுடையது. நாற்காலியில் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவர் காதில் பின்னறையிலிருந்து பேசுகிற ஜாக் கார்மனுக்கு 24. முதலில் கார்மன் பேல்ஸிடம், பிறகு பேல்ஸ் கிரான்ஸிடம், பிறகு கேப்காம் சார்லி டியூக் வீரர்களிடம்: பதில் மூன்று படி ஏறி, சந்திரனுக்குப் போக மேலும் 1.3 விநாடி. எல்லாம் அரை நிமிடத்துக்குள். கணினிக்கு வேலை அதிகமாகி, முக்கியமில்லாததைத் தள்ளிவிட்டு முக்கியமானதைச் செய்துகொண்டிருந்தது என்பதே 1202-ன் அர்த்தம். சந்திப்பு ரேடாரின் மின்னோட்டக் கட்டம் ஒத்துப்போகாமல், கணினியின் நேரத்தில் பதினைந்து சதவிகிதத்தை ஒட்டி வீணாக எடுத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு வேகமாகப் பதில் வந்ததற்கு மேதைமை காரணமில்லை. இரண்டு வாரம் முன்பு, ஜூலை 5 அன்று, பயிற்சி நடத்துபவர்கள் இதே வகை எச்சரிக்கையைக் கொடுத்தார்கள்; பேல்ஸ் பயணத்தை நிறுத்தச் சொல்லித் தோற்றார். அதன்பின் எல்லா எச்சரிக்கை எண்களையும் உட்கார்ந்து எழுதச் சொன்னார் கிரான்ஸ். கார்மன் கையால் எழுதிய பட்டியல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. தோற்றுப் படித்த பாடம் என்பதால் தடத்தில் அந்தக் குரலில் ஒரு சின்ன அவசரம் இருக்கும், கவனியுங்கள். இறங்கிய பிறகு ‘கோ’ என்ற சொல்லையே கூடத்தில் கைவிட்டார்கள். ‘கோ’ என்றால் இரு என்பதா கிளம்பு என்பதா என்று குழப்பம் வரும். அதனால் ‘ஸ்டே’, ‘நோ ஸ்டே’. தமிழில் ‘போகலாம்’ என்ற சொல்லுக்கும் இதே வியாதி உண்டு.

17-ஐப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படங்கள் அருமை. தரைக்காரர்களைத் தேடி வருபவர்கள் 11, 13 இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, வழிகாட்டி இல்லாதது. ஐம்பது தடத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டால் அரைமணி நேரம் மின்விசிறி ஓடுவது போன்ற சத்தம்தான் கேட்கும். புதியவர் மூடிவிட்டுப் போய்விடுவார். போன அரை மதிப்பெண் இதற்குத்தான். பக்கத்தில் ஓடும் எழுத்து வடிவம் விண்கலத்துக்கும் தரைக்கும் நடந்த பேச்சுக்கு உதவும். நாற்காலித் தடங்களைக் காதால்தான் பிடிக்க வேண்டும். டெக்சஸ் உச்சரிப்பும் சுருக்கெழுத்துப் பெயர்களும் சேர்ந்து முதல் மணி நேரம் நம்மவர்களைத் திணறடிக்கும். பல தடங்களில் அந்த ஆளின் காதில் விழுந்த இரண்டு மூன்று லூப்புகளும் (பேச்சு இணைப்புகளும்) கலந்தே வரும். அவர்கள் ஒவ்வொரு லூப்பையும் வெவ்வேறு சத்தத்தில் வைத்துக்கொண்டு, தன் பெயர் விழுந்தால் மட்டும் திரும்புவார்கள். கல்யாண வீட்டில் நாலு பக்கமும் பேச்சு இருக்க, தன் பேரைச் சொன்னால் மட்டும் தலை திரும்புகிற மாதிரி. இரண்டாம் நாளில் உங்களுக்கும் பழகிவிடும்.

இரண்டாவதைக் குறை என்று சொல்ல முடியாது, எல்லை என்று சொல்லலாம். தளம் 1969-ல் ஆரம்பிக்கிறது. தரைக்காரர்களின் தொழில் பிறந்தது அதற்கு எட்டு ஒன்பது வருடம் முன்னால், அதுவும் இப்படி ஒரு கூடத்தில் இல்லை. இந்த முன்கதையைக் கூட்டத்தை நடத்துபவர்தான் கையோடு கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ‘பெரிய திரை, எல்லாம் தெரிகிற அறை’ என்ற தப்பான படம் மனதில் பதிந்துவிடும்.

அமெரிக்கா முதலில் மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டக் காலத்தில் கட்டுப்பாட்டு மையம் ஃபுளோரிடாவின் கேப் கேனவரலில். கணக்குப் போட்ட இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகள் மேரிலாந்திலுள்ள கோடார்ட் மையத்தில். விண்கலத்தோடு பேச உலகம் சுற்றிப் பதினெட்டு நிலையங்கள்: பெர்முடா, கேனரித் தீவு, நைஜீரியாவில் கானோ, ஜான்சிபார், ஆஸ்திரேலியாவில் இரண்டு, பசிபிக்கில் கேன்டன் தீவு, ஹவாய், மெக்சிகோவில் குவைமாஸ் என்று போகும், அதில் இரண்டு கப்பல்கள், ஒன்று இந்தியப் பெருங்கடலில். ஒரு நிலையத்துக்குக் கலம் தென்படுவது ஐந்தாறு நிமிடம். அங்கே இருந்தவர்கள் ஒரு கேப்காம், கருவிகளைப் பார்க்க ஒருவர், ஒரு டாக்டர். கலம் அடிவானத்தில் மறைந்ததும் எண்களைத் தந்தியில் தட்டி அனுப்புவார்கள். கிறிஸ் கிராஃப்ட் என்ற முதல் ஃப்ளைட் டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் சற்று முந்தைய செய்தியை. ரங்கூனிலிருந்து கடிதம் வருவதற்குள் அங்கே நிலவரம் மாறியிருக்கும் என்று தெரிந்தே ஊரிலிருந்த முதலாளி பதில் எழுதிய கதைதான்.

அந்த நிலைமையில் 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென்னின் கலத்திலிருந்து 51-ஆம் எண் சமிக்ஞை வந்தது. வெப்பக் கவசம் பூட்டிலிருந்து விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். உண்மையானால் காற்றுமண்டலத்தில் நுழையும்போது கிளென் எரிந்துபோவார். ஒரே ஒரு சுவிட்சின் சாட்சி. இரண்டாவது சாட்சிக்கு வழி என்ன? வழியிலிருந்த நிலையங்கள் வழியாக, கவசம் விடுபட்டால் விரியும் இறங்குபையின் சுவிட்ச் அணைந்த நிலையில்தானே இருக்கிறது, ஏதாவது இடிபடும் சத்தம் கேட்கிறதா என்று கிளென்னிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்கள். அவருக்கு விஷயம் சொல்லவில்லை; ஆனால் ஊர் ஊராக ஒரே கேள்வி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஹவாய் மேல் போகும்போது சுவிட்சைத் தானியங்கி நிலைக்குத் தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள், விளக்கு எரியவில்லை. கிராஃப்ட்டுக்குச் சமிக்ஞை பொய் என்றே பட்டது. ஆனாலும் கவசத்தின் மேல் வார்களால் கட்டியிருந்த, வேகம் குறைக்கும் ராக்கெட்டுகள் அடங்கிய பின்னுந்துப் பொதியைக் கழற்றாமலே இறக்குவது என்று முடிவாயிற்று. கவசம் தளர்ந்திருந்தாலும் வார்கள் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு. பொதி எரிந்து துண்டு துண்டாக ஜன்னலைத் தாண்டிப் பறந்தது. இறங்கிய பிறகு பார்த்தால் கவசம் கெட்டியாக இருந்தது, சுவிட்ச்தான் கோளாறு. எட்டு வருடம் கழித்து லீபர்காட் அளவுக்கருவியை முதலில் சந்தேகித்ததன் வேர் இங்கே இருக்கிறது.

இன்னொரு வேர் அதற்கும் முந்தியது, நாலங்குலப் பறப்பு. 1960 நவம்பர் 21, ஆளில்லாத மெர்க்குரி-ரெட்ஸ்டோன் நாலு அங்குலம் எழும்பி, எஞ்சின் அணைந்து, திரும்பத் தன் பீடத்திலேயே உட்கார்ந்தது. வால் பக்கம் இரண்டு இணைப்புகள் கழல வேண்டிய வரிசை ஒரு விநாடியின் ஆயிரத்தில் 29 பங்கு நேரம் முன்பின்னாகிப்போனதே காரணம். தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்துபோக, பாராசூட்டுகள் விரிந்து தொங்க, எரிபொருள் நிறைந்த ராக்கெட் கட்டுக்கடங்காமல் நிற்கிறது. துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாம் என்றுகூட யோசனை வந்தது. கிராஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாதே என்ற விதி அங்கிருந்து வந்தது. பேட்டரி தீரும்வரை, திரவப் பிராணவாயு ஆவியாகும்வரை காத்திருந்தார்கள்.

இந்த இரண்டையும் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தளத்தைத் திறந்தால், 13-ன் தடத்தில் வரும் மௌனங்கள் பேச ஆரம்பிக்கும்.

கூட்டி உட்காருவதற்கான ஏற்பாடு இனி. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவு (திறந்த முற்றப் பகுதி) வேண்டாம்: பகல் வெளிச்சத்தில் திரை தெரியாது. பட்டாசாலை பரவாயில்லை, ஆனால் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் உயரக் கூரையும் சேர்ந்து ஒலிபெருக்கியில் போட்டால் ஒரு சொல்லும் புரியாத அளவுக்கு எதிரொலிக்கும். ஒலிபெருக்கியே வேண்டாம். ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு காதுக்கருவி. கம்பி வைத்தது வாங்குங்கள். புளூடூத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தாமதிக்கும். கைபேசித் திரையில் இத்தனை பலகைகள் அடங்காது.

ஐந்து பேர் போதும்: ஃப்ளைட், ஈகாம், கைடோ, இன்கோ, கேப்காம். ஐந்து கணினியையும் 55:45:00-ல் நிறுத்தி, ஒருவர் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஓடவிட வேண்டும். இணையம் திக்கினால் ஒன்றிரண்டு விநாடி பிந்தும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பிந்தியதைத் தள்ளிவிடுங்கள். படச்சுருள் ஓடினால் டேட்டா தின்னும், தேவையில்லாதபோது நிறுத்திவையுங்கள். கரண்டு போனால் மடிக்கணினி நிற்காது, மோடம்தான் உயிரை விடும். இன்வெர்ட்டர் இணைப்பு மோடத்துக்குப் போகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

ஆளுக்கொரு நோட்டில் நாலு பத்தி: நேரம், யார் யாரிடம், என்ன சொன்னார், என்ன எண். புரியாததை ஊகித்து எழுதக் கூடாது, கேள்விக்குறி போட்டு விடலாம். ஓடும்போது ஒருவருக்கொருவர் பேசக் கூடாது; பேசினால் ஃப்ளைட்டாக இருப்பவரிடம் மட்டும், பத்து சொல்லுக்குள். 56:15-ல் நிறுத்தி ஐந்து நோட்டையும் நேரவாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் படியுங்கள். எந்தச் செய்தி எந்த நாற்காலிக்கு முதலில் வந்தது, ஃப்ளைட்டை எட்ட எத்தனை விநாடி ஆயிற்று என்பது அங்கே தெரியும். ஐந்து பேரில் ஒருவராவது தப்பான நேரம் எழுதியிருப்பார். அதை அழிக்கவிடாதீர்கள், பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்லுங்கள். பேரேட்டில் அடித்தல் திருத்தலை எப்படிக் காட்டுவார்களோ அப்படி.

தொடக்கத்தில் செய்தித் தொடர்பாளரின் வர்ணனை துணைக்கு இருக்கட்டும், எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருவார். இரண்டாம் முறை அதை விட்டுவிடுங்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து சாப்பாட்டுக்கு முன்னால் முடிப்பது உத்தமம். மத்தியானச் சாப்பாடு நம் பக்கத்துச் சாப்பாடாக இருந்தால், அதன்பின் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முப்பது தடத்து இரைச்சலைக் கேட்பவர் தூங்காமல் இருக்க மாட்டார். இடைவேளைக்கு வெள்ளைப் பணியாரம் வைக்கலாம்; கை துடைக்கத் துணி வைத்துவிட்டு வையுங்கள், எண்ணெய் விரலோடு காலக்கோட்டை இழுத்தால் 55-ஆம் மணி 58 ஆகிவிடும்.